சாம்பல் பூத்த திரை

செஞ்சி பேருந்து நிலையத்தை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு மளிகைக் கடையின் மாடியில், எங்களுக்கு ஓர் அறை உண்டு. மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுவதற்கென்று நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. சன்னலைத் திறந்தால் ராஜகிரியின் உச்சி தெரியும். நாவல்களுக்காக எடுத்த அந்த அறைக்குள் மழைக்கணக்கு நுழைந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்ததே தவிர நகரவில்லை. மறுநாளும் அங்கேயே நின்று பெய்தது. எங்களுக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. சங்கராபரணி கரைபுரண்டது. அதற்குப் பிந்தைய வாரங்களில் இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழுந்தது: இப்படிப்பட்ட மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? இனி அடிக்கடி வருமா?

எங்களில் இருவருக்குப் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் சோறு போடும் தொழில். இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாடு முழுவதையும் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்து, 1901 முதலான அன்றாட மழையளவைப் பொதுவில் வைத்திருக்கிறது. அகலத்தில் 135, உயரத்தில் 129 என்று ஒரு நாளுக்கு 17,415 கட்டங்கள் (கடலில் விழுபவை வெற்றுக் கட்டங்கள்). அவற்றுள் நம் வட்டாரத்துக் கட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊரைத் தேர்ந்தெடுத்தால் விடை சொல்லும் ஒரு வலைச்செயலியைச் செய்துவிடலாம் என்று நினைத்தோம். செய்தும் விட்டோம். கட்டம் என்பது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் சராசரி. மயிலத்துத் தலையில் கொட்டியது அதில் முழுதாகத் தெரியாது என்பதையும் முகப்பிலேயே எழுதி வைத்தோம். எழுதி வைப்பதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். ஏரிக்குக் கீழே நிலம். வெள்ளத்தில் கொட்டகையோடு இரண்டு மாடுகள் போய்விட்டன. புதுக் கொட்டகையைப் பழைய இடத்திலேயே கட்டுவதா, வீட்டுப் பக்கம் மேட்டுக்குக் கொண்டுவருவதா என்ற யோசனையில் இருந்தார். மேட்டுக்குக் கொண்டுவந்தால் மகனோடு இடத்தகராறு. கீழேயே கட்டினால் மறுபடி தண்ணீர். ஊரைத் தேர்ந்தெடுத்து, 'கணக்கிடு' என்ற பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னோம். அழுத்தினார்.

திரை சாம்பல் நிறமானது. எதுவும் நடக்கவில்லை. பத்து நொடி, இருபது நொடி. மறுபடி அழுத்தினார். பிறகு சுட்டியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏம்பா தம்பி, நான் எதுனா தப்பாத் தட்டிட்டனா?"

இல்லை ஐயா, கணக்குப் போடுகிறது, கொஞ்சம் நேரமாகும் என்றோம். அவர் தலையை ஆட்டினாரே தவிர, அதன்பின் சுட்டியைத் தொடவில்லை. ஒன்றரை நிமிடம் கழித்து விடை வந்தபோது, எட்ட நின்று, எங்களையே படித்துச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை அழுத்தியதற்கும் சேர்த்து அது இன்னொரு ஒன்றரை நிமிடம் சாம்பலாகக் கிடந்ததை அவர் பார்க்காதது நல்லதாயிற்று.

எட்டாண்டு முற்றுகை கண்ட ஊரில் ஒன்றரை நிமிடம் பெரிதா என்று எங்களில் ஒருவர் கேலி செய்தார். உண்மைதான். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்த மலைகளைச் சுற்றிக் காத்துக் கிடந்தது. ஆனால் எதற்காகக் கிடக்கிறோம் என்பது அந்தச் சிப்பாய்க்காவது தெரிந்திருக்கும். எங்கள் திரையின் முன் நின்றவருக்கு அதுவும் தெரியவில்லை. ஓடுகிறதா, செத்துவிட்டதா, தான்தான் கொன்றுவிட்டோமா என்று சொல்ல எங்கள் செயலிக்கு வாயில்லை.

ஏன் அவ்வளவு நேரம்? நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டின் உச்ச மழையையும் எடுத்து, உச்சங்களுக்கென்றே உள்ள ஒரு பரவலை அவற்றுக்குப் பொருத்த வேண்டும். அது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் அப்படிக் கிடைக்கும் ஒற்றை எண்ணை நம்பிக் கொட்டகை கட்டச் சொல்ல முடியாது. அந்த எண் எவ்வளவு ஆடக்கூடியது என்றும் சொல்ல வேண்டும். அதற்கு 1979-இல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த பூட்ஸ்டிராப் என்ற வழி இருக்கிறது. கையிலுள்ள ஆண்டுகளைச் சீட்டுகளாக எழுதிப் பானையில் போட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் பானையிலேயே போட்டு, இப்படி அதே எண்ணிக்கை சேரும்வரை எடுத்து, மீண்டும் பொருத்துவது. இதைப் பத்தாயிரம் முறை செய்தால் எண் ஆடும் எல்லை தெரியும். ஒரு பொருத்தலுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு என்றாலும் பத்தாயிரத்துக்கு ஒன்றரை நிமிடத்தைத் தாண்டிவிடும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, ஒரு நாள் மழையா மூன்று நாள் மழையா என்பதையெல்லாம் கேட்பவரே மாற்றலாம் என்று வைத்திருந்ததால், விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு அடுக்கிவைக்கவும் வழியில்லை.

நாங்கள் முதலில் செய்தது ஒரு குறுக்குவழி. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். பத்தாயிரத்தை இருநூறாகக் குறைத்தோம். விடை இரண்டு நொடியில் வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான்காம் நாள் பெரியவர் மகனோடு வந்தார். முதல் நாள் எங்களிடம் கேட்டு எழுதிப்போன தாளை எடுத்துக் காட்டி, அன்றைக்கு ஒரு எல்லை சொன்னீர்கள், நேற்று மகன் செல்பேசியில் பார்த்தபோது வேறொன்று, இப்போது இன்னொன்று, எதை நம்புவது என்று கேட்டார். இருநூறு முறை மட்டும் எடுத்தால் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் எல்லை கொஞ்சம் நகரத்தான் செய்யும். காத்திருப்பின் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகக் கணக்கின் நேர்மையில் கைவைத்திருந்தோம். அன்றிரவே பத்தாயிரத்துக்குத் திரும்பினோம். திரையும் சாம்பலுக்குத் திரும்பியது.

இங்கே கொஞ்சம் இயந்திரத்தின் உள்ளே போக வேண்டியிருக்கிறது. நாங்கள் பயன்படுத்தியது ஆர் மொழி. 1990-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியது. புள்ளியியலாருக்கு அது தாய்மொழி போல. ஆனால் அது ஒற்றைக் கை வேலையாள். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றைத் தொடாது. ஆர்ஸ்டுடியோ நிறுவனத்தில் (இன்று அதன் பெயர் பாசிட்) ஜோ செங் உருவாக்கி 2012-இல் வெளிவந்த ஷைனி, அந்த மொழியில் எழுதியதை அப்படியே வலைச்செயலியாக்கிக் கொடுத்தது. மடையைத் திறந்தால் கால்வாய் கால்வாயாகத் தண்ணீர் பாய்வதுபோல், ஊரை மாற்றினால் அதைச் சார்ந்த வரைபடம், அட்டவணை எல்லாம் தாமே மாறும். அழகான ஏற்பாடு. ஆனால் மடையடியில் நிற்பவர் ஒருவரே. ஒரே வேலையாள்தான் அந்தச் செயலியைத் திறந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் பாய்ச்ச வேண்டும். பெரியவர் இங்கே காத்திருந்த அந்த ஒன்றரை நிமிடத்தில், அனந்தபுரத்தில் தன் செல்பேசியில் செயலியைத் திறந்த இன்னொருவருக்கு வெறும் வெள்ளைப் பக்கம்தான் தெரிந்திருக்கும். தான் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

2018-இல் இதற்கு ஒரு வழி வந்தது. மெதுவான வேலையை வேறொரு ஆர் வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு, "விடை இப்போது கையில் இல்லை, வரும்" என்று ஒரு சீட்டை மட்டும் வாங்கிக்கொள்வது. அந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'பிராமிஸ்', வாக்குறுதி. செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்க்கெட் கமிட்டியில் நெல்லை இறக்கினால் குவியலுக்கு ஓர் எண் போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். வியாபாரிகள் குவியல் குவியலாகப் போய்க் கையில் அள்ளிப் பார்த்து விலை எழுதிப் போடுவார்கள். விலை தெரிய நேரமாகும். அதுவரை யாரும் குவியலின் தலைமாட்டிலேயே நிற்பதில்லை. தேநீர் குடிக்கலாம், உரக்கடைக்குப் போய் வரலாம். பின்னால் வந்த வண்டியும் தடையின்றி நெல்லை இறக்கும்.

சீட்டு முறைக்கு மாறினோம். அனந்தபுரத்துக்காரருக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் பொத்தானை அழுத்தியவரின் திரை மட்டும் அப்படியே சாம்பலாகக் கிடந்தது. தவறாக எழுதிவிட்டோம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தோம். தவறு எங்களுடையது அல்ல. ஷைனி வேண்டுமென்றே அப்படித்தான் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஒருவர் ஊரை மாற்றினால், அந்த மாற்றத்தைச் சார்ந்த எல்லாம் புதிதாகும்வரை அவருடைய அமர்வில் அடுத்த மாற்றத்தை அது ஏற்பதில்லை. பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரே திரையில் இரண்டு ஊர்களின் எண்கள் கலந்து நிற்கக்கூடாது என்ற எச்சரிக்கை. எங்களுக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. அந்த எச்சரிக்கையின் அருமை பின்னால் தெரியவந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கவனிக்காமல் இருந்த ஒன்று, 2024-இலேயே ஷைனியில் சேர்ந்துவிட்டிருந்தது: எக்ஸ்டெண்டட் டாஸ்க். இது மெதுவான வேலையைக் கால்வாய் வரிசையிலிருந்தே வெளியே எடுத்துவிடுகிறது. வேலையைத் தொடங்கச் சொன்னால் தொடங்கும். அமர்வு அதற்காக நிற்காது. தொடங்கவில்லை, ஓடுகிறது, முடிந்தது, பிழை என்று எந்த நேரமும் தன் நிலையைச் சொல்லும். ஓடும்போதே மறுபடி தொடங்கச் சொன்னால் இரண்டாவது வரிசையில் நிற்கும். அதற்கென்றே உள்ள பொத்தானைப் பயன்படுத்தினால் வேலை முடியும்வரை அது தானே செயலிழந்து, நாம் எழுதித் தந்த வாசகத்தைக் காட்டும். "கணக்கு ஓடுகிறது, ஒன்றரை நிமிடம் ஆகும், அதுவரை மற்றப் பக்கங்களைப் பார்க்கலாம்" என்று எழுதினோம். அந்த ஒரு வரியை எழுத நால்வரும் ஒரு மாலை முழுக்கச் சண்டையிட்டோம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கதைகளுக்குக்கூட நாங்கள் அவ்வளவு திருத்தியதில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஓர் இளைஞர் மயிலத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினார். காத்திருக்கும் நேரத்தில், இப்போதுதான் திரை திறந்திருக்கிறதே, மேல்மலையனூருக்கு மாற்றி அந்த ஊர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலத்தின் விடை வந்தது. வந்து, "மேல்மலையனூர்" என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்துகொண்டது. தலைப்பு இப்போது தேர்வில் உள்ள ஊரைப் படித்தது. எண் அப்போது கேட்ட ஊருடையது. அவர் அதைத் தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எங்களில் ஒருவருக்கு அந்த எண் தற்செயலாக உறுத்தவே, படிக்கட்டில் இறங்கி ஓடிப்போய் அவரை நிறுத்தினோம்.

சாம்பல் திரை ஆளை அவமானப்படுத்தியது. ஆனால் பொய் சொல்லவில்லை. நாங்கள் திறந்துவிட்ட திரை பொய் சொன்னது. கமிட்டியில் இந்தத் தவறு நடக்காது. அங்கே சீட்டில் குவியல் எண் இருக்கிறது. எக்ஸ்டெண்டட் டாஸ்க்கில், ஓடும் வேலை வெளியே உள்ள தேர்வுகளை எட்டிப் பார்க்க முடியாது. தேவையானதையெல்லாம் தொடங்கும்போதே கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அதைத் தொல்லை என்றே நினைத்திருந்தோம். கொடுத்தனுப்பிய ஊர்ப்பெயரையும் ஆண்டு எல்லைகளையும் விடையோடு சேர்த்தே திருப்பிக் கொண்டுவரச் செய்து, தலைப்பை அதிலிருந்து மட்டும் எழுதினோம். ஆறு வரித் திருத்தம். தேர்வு மாறிவிட்டிருந்தால் "இது நீங்கள் முன்பு கேட்டதற்கான விடை" என்று ஒரு குறிப்பும் சேர்த்தோம்.

ஆடி மாதம் பெரியவர் மறுபடி வந்தார். சுட்டியை நீட்டினோம், தயங்கித்தான் வாங்கினார். அழுத்தினார். பொத்தான் மங்கி, அந்த வரி தோன்றியது. எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு ஆண்டுவாரியான மழைப் பக்கத்துக்குப் போய், கம்பிகளின் மேல் சுட்டியை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான ஒரு கம்பியில் நின்று, "இதே மழதான், எனக்குக் கல்யாணம் ஆன வருசம், பந்தலு பூடுச்சி" என்றார். அந்தப் பந்தல் கதை முடிவதற்குள் விடை வந்து கீழே நின்றிருந்தது, அவர் கவனிக்கவில்லை. நாங்கள்தான் காட்டினோம்.

தாளையும் பேனாவையும் எங்களிடம் நீட்டினார். எண்ணை எழுதினோம், எல்லைகளை எழுதினோம்.

"ஊரு பேரையும் சேத்து எழுதுப்பா. மவங்கிட்ட காட்டணும்."