கோட்டைகளுக்கு நடுவே என் பெண்

"லண்டன் பார்த்தீங்களாக்கா?" என்று எதிர்வீட்டுப் பெண் ஆவலாகக் கேட்டாள். பார்க்கவில்லை. ஒன்பது நாளும் ஸ்காட்லாந்திலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டோம். என் பெரியவள் எடின்பரோவில் ஒரு வருஷ மேல்படிப்பு படிக்கிறாள். போன செப்டம்பரில் திருச்சியிலிருந்து பெட்டி கட்டி அனுப்பியது. "ஏப்ரல்ல தம்பிக்குப் பரீட்சை முடிஞ்சதும் எல்லாரும் வாங்கம்மா, கோட்டையெல்லாம் காட்டறேன்" என்று அவள்தான் கூப்பிட்டாள். சமையலறை மேடைக்கு கிரானைட் போடச் சேர்த்து வைத்திருந்த பணம் விமான டிக்கெட்டாக மாறியது. மேடை இன்னும் பழைய கடப்பாக்கல்தான். போகட்டும்.

முதல் நாளே ஒரு கூத்து. ஊர் பெருமையைக் காட்ட வேண்டுமென்று சுங்கடிப் புடவை கட்டிக்கொண்டு எடின்பரோ கோட்டைக்குப் போனேன். காற்றா அது! முந்தானை ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். குடை மேல்நோக்கிப் பூவாக விரிந்து கம்பி ஒடிந்தே போனது. சின்னவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாளிலிருந்து சுடிதார், உள்ளே தெர்மல், காலுக்கு ஷூ. அந்தப் பக்கம் போகிற சகோதரிகளே, குடையை நம்பாதீர்கள். தலையை மூடுகிற மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு நடுவே தனிப் பாறை, அதன் உச்சியில் கோட்டை. பார்த்ததும் "நம்ம மலைக்கோட்டை மாதிரியே இருக்கே!" என்றேன். அந்தப் பாறை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததாம். 1861-லிருந்து ஞாயிறு தவிர தினமும் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள். கடலில் இருக்கும் கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ள ஏற்பட்ட வழக்கம். வெடிக்கும் என்று தெரிந்தே நின்றும் என் கணவர் ஓரடி துள்ளினார். கேட்டால் இல்லவே இல்லை என்கிறார்.

அந்தக் கோட்டைக்குள் ஒரு குட்டி அறை இருக்கிறது. நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவுதான். 1566 ஜூன் 19-ஆம் தேதி மேரி ராணி அங்கேதான் பிள்ளை பெற்றாள். பிறந்த குழந்தைதான் பின்னால் இங்கிலாந்துக்கும் ராஜாவான ஜேம்ஸ். ஒரு நாட்டின் ராணிக்கு இவ்வளவு சின்ன அறையா என்று எனக்கு ஆச்சரியம்.

"பிரசவத்துக்கு அவங்க அம்மா வந்தாங்களா?" என்று கேட்டேன். எனக்கு எப்போதும் அதுதான் முதல் கேள்வி.

"அவங்க அம்மா ஆறு வருஷம் முந்தியே, 1560-ல, இதே கோட்டையில செத்துப் போயிட்டாங்கம்மா" என்றாள் பெண்.

எனக்குத் தாயுமானவர் ஞாபகம் வந்தது. காவிரி வெள்ளத்தில் அம்மா வரமுடியாமல் நின்றபோது, பிரசவ வேதனையில் இருந்த பெண்ணுக்குச் சிவபெருமானே தாயாக வந்த கதை திருச்சிக்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இந்த ராணிக்கு யார் வந்தார்களோ என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

அன்று சாயங்காலம் பெண்ணின் அறைக்குப் போய் ரசம் வைத்தேன். மிளகுப் பொடியைத் தேடி அலமாரியைத் திறந்தால் இரண்டு மாத்திரை டப்பா. "இது என்னடி?"

"வைட்டமின்-டி மா. இங்கே எல்லாரும் சாப்பிடணும்."

"இன்னொண்ணு?"

அவள் பதில் சொல்லவில்லை. "அப்புறம் சொல்றேன். அப்பா இருக்கார்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிரவு நான் தூங்கவில்லை. என்னென்னவோ வியாதியெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் ரயிலேறி லின்லித்கோ போனோம். மேரி பிறந்த அரண்மனை அது. 1746-ல் தீப்பிடித்ததிலிருந்து மேலே கூரையே கிடையாது. பெரிய பெரிய மண்டபங்களுக்குள் நின்று நிமிர்ந்தால் ஆகாயம். முற்றத்தில் கல்லில் இழைத்த நீரூற்று ஒன்று. பக்கத்தில் ஏரி, அதில் அன்னம். ஏரிக்கரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். 1542 டிசம்பர் 8-ஆம் தேதி மேரி பிறந்தாள். ஆறாம் நாள் அப்பா இறந்துபோக, தொட்டிலில் கிடந்த குழந்தை ராணியாகிவிட்டது! ஐந்து வயதில், 1548-ல், பெற்றவளே அவளைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டாள். இங்கே இருந்தால் ஆபத்து என்றுதான். அதற்குப் பிறகு அம்மாவும் பெண்ணும் சந்தித்தது ஒரே ஒரு தரம், அம்மா பிரான்சுக்குப் போனபோது.

"டிசம்பர்ல இந்த ஏரிக்கரையில எப்படிக் குளிரும்!" என்று நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

"குளிர் பரவாயில்லைம்மா. இருட்டுதான். சாயங்காலம் மூணு நாப்பதுக்கே இருட்டிடும்" என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கேட்பதற்குள் அவரும் சின்னவனும் வந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக ஸ்டர்லிங் கோட்டை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மற்ற கோட்டையெல்லாம் கருங்கல்லாக முறைக்க, இங்கே பெரிய மண்டபத்துக்கு மட்டும் மஞ்சள் நிறத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், கல்யாண வீடு மாதிரி! அரண்மனை அறைகளைப் பழையபடியே புதுப்பித்து 2011-ல் திறந்தார்களாம். சுவரில் ஒற்றைக் கொம்புக் குதிரையை வேட்டையாடும் ஏழு திரைச்சீலைகள். இந்தக் காலத்து நெசவாளிகள் பல வருஷம் உட்கார்ந்து கையாலேயே நெய்தவை. பாய் விரித்து அங்கேயே உட்காரலாமா என்றிருந்தது.

கோட்டையின் பழைய சமையலறையையும் பார்க்கலாம். சமையல்காரர்கள், எடுபிடிப் பையன்கள் எல்லோரையும் பொம்மையாக நிறுத்தி, மீனும் கறியுமாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அவரும் சின்னவனும் மதில்மேல் நின்று தூரத்து வாலஸ் நினைவுக் கோபுரத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த இருட்டுச் சமையலறையில், பொம்மைகளுக்கு நடுவே, என் பெண் சொன்னாள்.

டிசம்பர் தொடங்கியதிலிருந்து அவளால் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லையாம். விடிவதே 8.40-க்கு. வகுப்புக்குப் போகாமல் நாள்கணக்கில் படுக்கையிலேயே கிடந்திருக்கிறாள். காரணமில்லாமல் அழுகை. சமைக்கவில்லை, ரொட்டிதான். கூடத் தங்கியிருந்த பெண்தான் ஜனவரியில் டாக்டரிடம் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறாள். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்து, பல்கலைக்கழகத்திலேயே ஆலோசகரிடம் வாராவாரம் பேசவும் ஏற்பாடாகியிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோவில பேசினியேடி! சிரிச்சியே!"

"அதுக்கு அரைமணி நேரம் முந்தி எழுந்து முகம் கழுவித் தலை வாரி, எல்லா லைட்டையும் போட்டுட்டு உட்காருவேம்மா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அழுவே. அப்பா 'படிச்சது போதும், கிளம்பி வா'ன்னு சொல்லுவார். மாத்திரைன்னா சொந்தக்காரங்ககிட்ட மறைக்கணும்பே."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவள் சொன்ன மூன்றும் நிஜம். வாராவாரம் நான் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி: "சாப்பிட்டியா? மார்க் வந்துதா?" அழக்கூடாது என்று ஒரு மரப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதுவிட்டேன்தான்.

வெளியே வந்ததும் அவள் பேச்சை மாற்ற மேரி கதையைத் தொடர்ந்தாள். 1567 ஏப்ரலில் இதே கோட்டைக்கு வந்து பத்து மாதக் குழந்தை ஜேம்ஸைப் பார்த்துவிட்டுப் போனாள் மேரி. அதுதான் கடைசி. அந்த வருஷமே பதவியைப் பறித்து, பதிமூன்று மாதக் குழந்தைக்கு முடிசூட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடியவளை அங்கே பத்தொன்பது வருஷம் சிறை வைத்து, 1587-ல் தலையை வெட்டினார்கள். அப்போது அவளுக்கு வயது 44. எனக்கும் இப்போது 44. அந்தக் கணக்கை நான் போட்டதை அவளிடம் சொல்லவில்லை.

அன்றிரவே அவரிடம் சொன்னோம். நான் பயந்தபடி கத்தவில்லை. ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரை மணிக்கும் வெளியே நல்ல வெளிச்சம். கடைசியில், "மாத்திரை இன்னும் எத்தனை நாளும்மா?" என்றார். நன்றாக இருக்கிறதென்று அவளாக நிறுத்தக்கூடாதாம், டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். "அப்ப டாக்டர் சொல்றபடியே செய்" என்று முடித்துவிட்டார்.

வைட்டமின்-டி விஷயமும் அப்போதுதான் விளக்கமாகத் தெரிந்தது. அங்கே வெயில் போதாததால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளும்படி அந்த நாட்டுச் சுகாதாரத் துறையே சொல்கிறது. நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு வருஷம் முழுக்கவே நல்லதாம். பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்கள் ஊறுகாய் ஜாடியோடு இதையும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏழு கிலோ பொடி வகை கட்டினேன், இதை விட்டுவிட்டேன்.

மீதி நாட்களில் ஹோலிரூட் அரண்மனை பார்த்தோம். இன்றும் வருஷா வருஷம் ராஜா வந்து தங்குகிற இடம், அதனால் பளபளவென்று இருக்கிறது. ஆறு மாதக் கர்ப்பிணியான மேரியின் கண்ணெதிரே அவளுடைய காரியதரிசியை இழுத்துப்போய்க் குத்திக் கொன்ற அறையைக் காட்டினார்கள். கோட்டைகளுக்கு என்று நாங்கள் வாங்கிய பாஸ் இங்கே செல்லவில்லை. தனி டிக்கெட். அவருக்கு அந்த வருத்தம் ஊர் வந்து சேரும்வரை இருந்தது.

விமான நிலையத்தில் "கூட வந்துடறியா?" என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. "படிப்பை முடிச்சிட்டு வா. முடியலைன்னா அன்னிக்கே சொல்லு" என்றேன்.

இப்போது ஜூன். அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சமாம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் வந்தபோது தலை கலைந்திருந்தது, முகம்கூடக் கழுவவில்லை. "இன்னிக்கு மனசு சரியில்லைம்மா" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.