படம் எப்படி இருக்கு?

யாராவது தான் எடுத்த படத்தை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது இரண்டே பதில்கள்தான். ஒன்று, "சூப்பர்!" இன்னொன்று, "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." முதல் பதிலுக்குப் படத்தைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. இரண்டாவதில் அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது அநேகமாகச் சொல்பவரின் மேதாவித்தனம். கேட்டவருக்கு இரண்டாலும் பிரயோஜனம் இல்லை. சில சமயம் இரண்டாவது பதில் நன்றாகவே காயப்படுத்திவிடும்.

ஒரு பையனின் கதையைப் பார்ப்போம். பொறியியல் இரண்டாமாண்டு. அவன் அப்பா தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். இன்னமும் கரி போட்டுத் தேய்க்கிற பெட்டிதான். கல்லூரியில் இது யாருக்கும் தெரியாது. "அப்பா பிசினஸ் பண்றார்" என்று முதல் நாள் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது.

தோழன் ஒருவனிடம் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினான். முதல் மூன்று நாள் பூ, தெருநாய், சூரிய அஸ்தமனம். எல்லோரும் எடுப்பதுதான். நான்காம் நாள் காலையில் அப்பா தேய்த்துக்கொண்டிருந்ததை எடுத்தான். ஐம்பது படம் எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விடுதி அறையில் காட்டினான். யாரென்று சொல்லவில்லை.

நாலு பேர் "சூப்பர் மச்சி" என்றார்கள். இறுதியாண்டு சீனியர் ஒருவர், கேமரா விஷயத்தில் கல்லூரியில் பெயர் வாங்கியவர், வாங்கிப் பார்த்தார். "முகம் ஒரே இருட்டு. பின்னாடி குப்பை மாதிரி துணி மூட்டை. ஆளும் ஃபோட்டோஜெனிக்கா இல்லை. அடுத்த தடவை நல்ல ஆளாப் பார்த்து எடுடா."

பையன் சிரித்துக்கொண்டே கேமராவை அணைத்தான். ஒரு வாரத்துக்கு வாங்கியதை ஐந்தாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சீனியர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் முதல் இரண்டும் உண்மை. முகம் இருட்டாகத்தான் இருந்தது, மூட்டை கண்ணை இழுக்கத்தான் செய்தது. ஆனால் மூன்றாவது படத்தைப் பற்றியதே இல்லை. அது படத்தில் இருந்த மனிதரைப் பற்றியது. ஒரு படத்தில் இருப்பவர் எடுத்தவருக்கு யார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அப்பாவாக இருக்கலாம், போன மாதம் இறந்துபோன பாட்டியாக இருக்கலாம். படத்தைக் குறை சொல்வது வேறு, படத்தில் இருப்பவரைக் குறை சொல்வது வேறு. கருத்து சொல்பவர் முதலில் பழக வேண்டியது இந்த ஒரு வித்தியாசம்.

முதல் இரண்டு உண்மைகளாலும் அவனுக்கு லாபம் இல்லை. முகம் இருட்டு என்பது அவனுக்கே தெரியும். ஏன் இருட்டானது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்பதுதான் தெரியாது. அதை யாரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து உதவித்தொகை விண்ணப்பத்துக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டூடியோ. ஃபிலிம் காலத்திலிருந்து படம் பிடிப்பவர் அங்கே இருந்தார். பிரிண்ட் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், செல்போனில் வைத்திருந்த அந்தப் படத்தை அவரிடம் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

"எது பிடிச்சுப் போய் எடுத்தீங்க தம்பி?"

"கை அண்ணே. எங்கப்பா கை." வாயில் தானாக வந்துவிட்டது.

"ம்... எனக்குக் கண்ணு முதல்ல பின்னாடி இருக்கிற வெள்ளை வேட்டி மேல போச்சு. அப்புறம் வானம். கைக்கு வரக் கொஞ்ச நேரமாச்சு. கையை ஓரத்துல வெச்சது வேணும்னேவா?"

"இல்லண்ணே. முகமும் வரணும்னு பார்த்தேன். அதுவும் இருட்டாயிடுச்சு."

"உங்க கேமராவை அந்த வெள்ளைத் துணி ஏமாத்திடுச்சு தம்பி."

அவர் விளக்கியது இதுதான். கேமராவின் ஒளிமானிக்கு எது வேட்டி, எது முகம் என்று தெரியாது. தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளைத் துணியும் வெளிச்சமான வானமும் நிறைய இருந்தால், 'அடடா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் கேமராக்களும் இதில் ஏமாறுவதுண்டு. எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பட்டனில் +1 வைத்தால் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அதைவிடச் சுலபம், வானம் பின்னால் வராதபடி வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நிற்பது. "கைதான் வேணும்னா கிட்டப் போங்க. அப்பாதானே, திட்டவா போறார்?"

சீனியர் சொன்ன அதே குறைகளைத்தான் இவரும் சொன்னார். ஆனால் முதலில் கேட்டார். எதற்காக எடுத்தான் என்று தெரிந்துகொண்டு, அதற்கு எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று மட்டும் பேசினார்.

இது வெறும் நல்ல சுபாவம் இல்லை, கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு முறை. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் இதற்கு நான்கு படிகள் வகுத்தார். முதலில், பார்த்தவர் தன் மனதில் பதிந்தது எது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, படைத்தவர் தனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்க வேண்டும். மூன்றாவது, பார்த்தவர் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்க வேண்டும். நான்காவதுதான் அபிப்பிராயம், அதுவும் "சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டு. மூன்றாவது படிதான் கஷ்டம். "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தே?" என்பது கேள்வி வேஷம் போட்ட திட்டு. "வெளிச்சம் எப்படி இருக்கணும்னு நினைச்சே?" என்பதுதான் கேள்வி.

கேட்காமல் தீர்ப்பு சொன்னால் பெரிய பத்திரிகைகளும் கோட்டை விடும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃப்ராங்க் 1955-இல் கூகன்ஹைம் நிதி பெற்று அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். 25,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, அதில் 83-ஐ மட்டும் பொறுக்கி 'தி அமெரிக்கன்ஸ்' என்ற புத்தகமாக்கினார். 1958-இல் பாரிஸிலும் 1959-இல் அமெரிக்காவிலும் வந்தது. பாப்புலர் ஃபோட்டோகிராஃபி இதழில் அதற்குக் கிடைத்த வரவேற்பில், மங்கல், குருணை, சாய்ந்த தொடுவானம் என்று குறைகளே முன்னால் நின்றன. அந்தக் குறைகள் இருந்தது நிஜம். ஆனால் ஃப்ராங்க் ஏன் அப்படி எடுத்தார் என்ற கேள்விதான் முக்கியமாக இருந்தது. 2009-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அந்தப் புத்தகத்தின் ஐம்பதாண்டை ஒரு பெரிய கண்காட்சியாகவே கொண்டாடியது.

அதற்காக எல்லா மங்கலும் கலை என்று சொல்லிவிடவும் கூடாது :-) உதவ நினைப்பவருக்குக் கொஞ்சம் தொழில் தெரிந்திருக்க வேண்டும். "படம் தெளிவா இல்லை" என்று சொல்வதற்கு முன் இவற்றைப் பார்க்கலாம்:

1. எல்லாமே ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் கை ஆடியிருக்கிறது. 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50 விநாடியாவது, 200 மி.மீ. என்றால் 1/200 விநாடியாவது வைப்பது பழைய கணக்கு. சென்சார் சின்னதாக இருந்தால் இன்னும் வேகம் வேண்டும்.

2. பின்னணி தெளிவாக இருந்து, நகரும் பொருள் மட்டும் கலங்கியிருந்தால் அது அசைவு. அதைக் குறை என்று முடிவு கட்ட வேண்டாம். ஓடுகிற இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் கலங்கினால் அழகாகவே இருக்கும்.

3. ஆள் மங்கி, பின்னால் இருக்கும் சுவர் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. "தெளிவா இல்லை" என்ற ஒரே வார்த்தையில் மூன்றையும் அடக்கினால் எடுத்தவர் எதைத் திருத்துவார்?

அதேபோல 'மூன்றில் ஒரு பங்கு' விதி. ஆளை நடுவில் வைத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் போகமாட்டேன் என்று சபதம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பெயரை 1797-இல் எழுத்தில் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், அதுவும் இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது. அப்போது கேமராவே பிறக்கவில்லை! நல்ல யோசனைதான், சட்டம் இல்லை. நடுவில் வைத்தது படத்துக்கு உதவுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம்.

இன்னொன்று, ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். பத்துக் குறை சொன்னால் கேட்பவர் பத்தையும் மறந்துவிட்டு, சொன்னவரின் குரலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார். நன்றாக இருப்பதையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "சூப்பர்" என்றால் எது சூப்பர் என்று தெரியாது. "அந்தக் கைநரம்பு தெரியுற விதம் நல்லாருக்கு" என்றால் அடுத்த படத்திலும் அதைத் தேடுவார்.

பையன் மறுபடி கேமரா இரவல் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு அந்தப் பக்கம் போய், பக்கவாட்டு வெயிலில், ஒரு முழ தூரத்தில் நின்று எடுத்தான். படத்தில் கையும் பெட்டியும் பாதி மடித்த சட்டையும்தான். முகத்தில் தாடை மட்டும் தெரிகிறது. உலகப் புகழ் பெறப்போகிற படம் ஒன்றும் இல்லை. ஆனால் கண் நேராகக் கைக்குத்தான் போகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் காட்டியபோது யாரோ "யாருடா இது?" என்று கேட்டார்கள். "எங்கப்பா" என்றான்.

அதற்கு முன்பே, முந்தின நாள் ராத்திரி, அப்பாவிடமும் காட்டியிருந்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "காலர்ல ஒரு சுருக்கம் விட்டுப்போச்சு பாரு. அதைச் சரி பண்ணினப்புறம் எடுத்திருக்கலாம்ல?"

நல்ல விமர்சனம். அவர் பார்த்தது அவருடைய வேலையை.