திருகினாலும் அசையாத ஸ்கோப்

ஆணி புடுங்க புனே வந்து ஆறு வருஷமாச்சு மக்களே. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. அதனால மிக்சி தொடங்கி தண்ணி மீட்டர் வரைக்கும் எங்க குடியிருப்புல எது மக்கர் பண்ணினாலும் நம்ம வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. போன மாசம் வந்தது ஒரு ஏர் ரைஃபிள்!

எதிர்வீட்டுப் பொண்ணு, பத்தாவது படிக்கிறா. தாத்தாவோட பழைய 0.177 ரைஃபிளை வச்சு, அவரோட பண்ணையில 10 மீட்டர் தூரத்துல பழகறா. ஸ்கோப்பை எவ்வளவு திருகினாலும் குண்டு 5 செ.மீ. கீழேயே போகுதாம், அதுவும் சிதறி. "உனக்குக் கண்ணு சரியில்ல, விட்டுடு"ன்னு வீட்டுல மூணு வாரமா அர்ச்சனை. ரைஃபிளை விக்கறதாவும் முடிவாகிடுச்சு. "அங்கிள், தப்பு என் கண்லயா, ஸ்கோப்லயா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னா.

நியாயமான கேள்வி. கருவியைச் சோதிக்காம ஆளைக் குத்தம் சொல்றது எங்க தொழில்ல பெரும்பாவம் :-)

ஞாயித்துக்கிழமை தாத்தாவும் கூட வர, பண்ணைக்குப் போனோம். உள்ள குண்டு இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, முதல்ல திருகாணிகள். ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும். அதுல ஸ்கோப்பே நகர்ந்துடும். பிடிப்பானுக்குப் பின்னால பென்சில் கோடு போட்டு 10 தடவை சுடச் சொன்னேன். நகரலை.

அடுத்து ஸ்கோப்பையே கழட்டி, குழல் மேல இருக்கிற சாதா குறியை வச்சு அஞ்சு குண்டு. அஞ்சும் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள! அப்போ கண்ணும் சரி, கையும் சரி. தாத்தா பேசலை.

இப்ப ஸ்கோப். உள்ளே ஒரு சின்னக் குழாய்; ஒரு பக்கம் திருகு தள்ளும், எதிர்ப்பக்கம் ஸ்பிரிங் தாங்கும். நம்ம ஸ்கோப்புல மேல்திருகு ஏற்கனவே கடைசி வரைக்கும் போயாச்சு. அந்த நிலையில ஸ்பிரிங் தொய்ஞ்சு, ஒவ்வொரு உதைக்கும் குழாய் ஆடும். சிதறலுக்குக் காரணம் அதுதான்.

கடைசி வரைக்கும் ஏன் போச்சு? மடக்கிக் குண்டு போடுற ரைஃபிள்ல குழல் லேசா கீழே சாஞ்சிருக்கும். சாதா குறி ரெண்டும் குழல் மேலயே இருந்ததால அது தெரியலை. ஸ்கோப் உட்கார்றது பின்னால இருக்கிற உடம்புல. அடித்தளமே வேற திசையைப் பார்த்தா திருகு என்ன பண்ணும்?

வைத்தியம் சுலபம். திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் எண்ணி, சரிபாதிக்குக் கொண்டுவந்தேன். பின்வளையத்துக்குள்ள, ஸ்கோப்புக்கு அடியில பழைய ஃபிலிம் சுருள் துண்டு ஒண்ணு. ரொம்ப அடுக்கினா ஸ்கோப் வளைஞ்சுடும், ஜாக்கிரதை. மிச்சத்தைத் திருகு பார்த்துக்கிச்சு. கால் நிமிடக் கோண ஸ்கோப்புல ஒரு கிளிக்குக்கு 10 மீட்டர்ல 0.7 மி.மீ. நகரணும். வலது 20, மேல 20, இடது 20, கீழ 20ன்னு திருகிச் சுட்டோம். ஒண்ணரை செ.மீ. சதுரம் வந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்புச்சு.

தாத்தா அந்தக் காகிதத்தை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டார். ரைஃபிள் விக்கற பேச்சு அதோட போச்சு.

டிஸ்கி: 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கின 10 மீட்டர் போட்டியில ஸ்கோப்பே கிடையாது, துளைக்குறிதான். பாப்பா இப்ப அதைப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சிருக்கா!