குவாஸ்தாஃபும் சரப சாஸ்திரிகளும்

1959-இல் ஜெர்மனியில், தாலிடோமைடு மருந்தின் விளைவாகக் குறுகிய கைகளோடு பிறந்தவர் தாமஸ் குவாஸ்தாஃப். பியானோ வாசிக்க இயலாதென்று ஹனோவர் இசைக்கல்லூரி அவருக்கு இடம் மறுத்தது. பாடகனுக்குப் பியானோ எதற்கு? வீணைக்குப் பேர்போன காரைக்குடியிலிருந்து நாம் கேட்கலாம்தான். 1988-இல் மியூனிக் போட்டியில் முதற்பரிசு. ஆப்பரா மேடையோ 2003-இல், சால்ஸ்பர்க்கில், 'ஃபிடெலியோ'வில்தான். அவருக்கே தயக்கம் இருந்ததாம். அத்தயக்கத்தை ஊட்டியவர் யார் என்பதே நம் ஐயம்.

கும்பகோணத்துச் சரப சாஸ்திரிகள் (1872–1904) பார்வையற்றவர். புல்லாங்குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர். பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய மாணாக்கர். செவிவழிப் பாடம் அவரிடம் கண்ணைக் கேட்கவில்லை. இதில் நமக்குப் பெருமையே. ஆனால் கால் இயலாதவர்க்கு? செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த படிகளில் ஏறித்தான் இன்றும் திருமணக் கச்சேரிக்குப் போகிறோம்.