புள்ளிகளைச் சொல்லாமல் விட்டேன்

கட்டான் என்ற பலகை விளையாட்டில் நிலங்களின்மேல் வைக்க வட்டமான எண் வில்லைகள் 18 உண்டு. ஒவ்வொன்றிலும் எண்ணுக்குக் கீழே பொடிப் பொடியாகப் புள்ளிகள் அச்சிட்டிருக்கும். 2-க்குக் கீழே ஒரே ஒரு புள்ளி. 12-க்கும் அப்படித்தான். 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து புள்ளிகள், அதுவும் சிவப்பில். இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் 2 விழ ஒரே வழிதான். 8 விழ ஐந்து வழி. விழுந்த எண் உள்ள நிலத்தோரம் வீடு வைத்திருப்பவருக்கு அட்டை கிடைக்கும். எந்த நிலத்தோரம் வீடு கட்டினால் அட்டை சேரும், எங்கே கட்டினால் காய்ந்து கிடக்க வேண்டும் என்பதை அந்தப் புள்ளிகள்தான் சொல்லும்.

என் வீட்டில் நடந்த முதல் விளையாட்டு நாளில் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மறந்துபோய்விட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் மைத்துனன் வீட்டில் ஒருமுறை கட்டான் ஆடியதில் அதன்மேல் பித்துப் பிடித்து, எனக்கென்று ஒரு பெட்டி வாங்கினேன். லீவு கிடைத்தபோதெல்லாம் அவன் வீட்டுக்குப் போய் ஆடிப் பழகினேன். கை தேறியதும், கல்லூரியில் உடன் படித்த மூன்று பேரைக் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். பிள்ளைகள் போக எட்டுப் பேர். மூன்று அல்லது நான்கு பேர் ஆடலாம் என்று பெட்டியின்மேலேயே போட்டிருக்கிறது. நான் அதை யோசிக்கவில்லை. ஆண்கள் நாலு பேரும் பலகையைச் சுற்றி உட்கார்ந்தோம். பெண்கள் நாலு பேரும் அடுக்களைக்குப் போய் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவினார்கள். அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் விதிகளைச் சொன்னேன். செங்கல், மரம், கம்பளி, கோதுமை, தாது என்று ஐந்து வகை அட்டை, எதற்கு எது வேண்டும், துறைமுகத்தில் என்ன மாற்றலாம், 7 விழுந்தால் திருடனை எப்படி நகர்த்துவது, 10 புள்ளி சேர்ப்பவருக்கு வெற்றி என்று ஒன்று விடாமல் சொன்னேன். வில்லைகளில் எண்ணுக்குக் கீழே இருக்கும் புள்ளிகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தில் முதல்முறை ஆடுகிறவர்களுக்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. எந்த நிலம் எங்கே, எந்த எண் எங்கே, யாருடைய வீடு எங்கே என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். அதன்படி வைத்துவிட்டால் புதியவர் யாரும் எடுத்த எடுப்பில் முட்டுச்சந்தில் போய் மாட்டிக்கொள்ள மாட்டார். அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன். 19 நிலங்களையும் எண்களையும் கலைத்துப் பரப்பினேன்.

மூவரில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் பிடித்துக் கொடுக்கிறவன். விடுதியில் மூன்று வருடம் என் பக்கத்துக் கட்டில். அவன் முறை வந்தபோது சிவப்பு வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை ரொம்ப நேரம் பார்த்தான். 2-க்கும் 11-க்கும் பாலைவனத்துக்கும் நடுவே இருந்த முனையில் கொண்டுபோய் வைத்து, விரலை எடுக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான்.

“இங்க வெக்கட்டுமாடா?”

“உன் இஷ்டம்டா.”

அடுத்த வீட்டை 12-க்கும் 3-க்கும் இடையில் கடலோரமாக வைத்தான். கணக்கு எனக்குத் தொழில். அவன் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 36-ல் ஆறு வழிதான், அதாவது ஆறு உருட்டலுக்கு ஒரு அட்டை வந்தால் உண்டு என்று அவன் விரலை எடுப்பதற்குள் மனசுக்குள் போட்டுவிட்டேன். என் இரண்டு வீடுகளுக்கு 36-ல் 24.

ஆட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. கட்டானில் யாரும் பாதியில் தோற்று எழுந்து போக முடியாது. ஆட்டம் முடியும் வரை பலகை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் அட்டை குவிந்தது; ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டோம். அவன் பகடையை உருட்டுவான், ஒன்றும் வராது, அடுத்தவனிடம் தள்ளுவான். நடுவில் எனக்கு 7 விழுந்தது. திருடனை எந்த நிலத்திலும் வைக்கலாம். மற்ற இருவரில் ஒருவர்மேல் வைத்திருக்க வேண்டும்; எனக்கு ஈடாக அவர்கள் ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் நியாயம். ஆனால் அவர்களோடு எனக்கு அட்டை மாற்ற வேண்டியிருந்தது, பகைத்துக்கொள்ள மனமில்லை. அவனிடம் மாற்ற ஒன்றுமில்லை. அதனால் அவனுடைய 11-ன்மேல் திருடனை வைத்து, அவன் கையில் இருந்த ஒரே அட்டையை உருவினேன். செங்கல். அடுத்த இரண்டு சுற்றில் நான்தான் ஜெயித்தேன்.

கிளம்பும்போது, “நல்லாருந்துச்சுடா” என்றான்.

அன்று இரவு ஜமுக்காளத்தை உதறி மடித்துக்கொண்டே என் மனைவி கேட்டாள். “அவரு கையில ஒரு அட்டையும் இல்லாமயே உக்காந்திருந்தாரே, நீங்க பாக்கலீங்களா?” பாக்கல என்று சொன்னேன்.

அடுத்த மாதம் அவன் வரவில்லை; சொந்தத்தில் கல்யாணம் என்றான். அதற்கடுத்த மாதம் லோடு வருது என்றான். மூன்றாம் மாதம் போனை எடுத்து, “பாக்கலாம்டா” என்று வைத்துவிட்டான்.

விளையாட்டில் தோற்பது சகஜம்தானே என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். அது உண்மைதான். அவன் கல்லூரியில் கேரம் போர்டில் என்னிடம் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறான், என்னை அதைவிட அதிகமாகத் தோற்கடித்திருக்கிறான். அப்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் பலகை தெரியும். இந்த முறை எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீடு, என் பெட்டி, நான் அழைத்து வந்தவன், என்னிடமே கேட்டான்.

என் அம்முச்சி வீட்டில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் திண்ணையில் தாயம் ஆடுவோம். தாயம் விழுந்தால்தான் காயை உள்ளே இறக்க முடியும். விழாமலே கட்டையை உருட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பிள்ளையின் கண் கலங்குவதற்குள், அம்முச்சி தன் கையில் இருக்கிற பித்தளைக் கட்டையை அந்தப் பிள்ளையிடம் நீட்டி, “எம்பட ஆட்டத்தையும் நீயே ஆடு சாமி” என்பார். விதிப்படி அதற்கு இடமில்லை. நாங்கள் யாரும் ஆட்சேபித்ததும் இல்லை. காய் இறங்கிய பிறகு அதே பிள்ளையின் காயை வெட்ட அவர் தயங்கவும் மாட்டார்.

கட்டானை உருவாக்கிய கிளவுஸ் டாய்பர் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பக்கம் பல் செட் செய்யும் கூடம் நடத்தி வந்தவர். வேலை அலுப்புத் தீர வீட்டு நிலவறையில் விளையாட்டுகளைச் செய்து, மனைவி பிள்ளைகளை உட்காரவைத்து ஆடிப் பார்த்துத் திருத்துவார். அப்படித் திருத்தித் திருத்தி 1995-ல் வெளிவந்ததுதான் இது. நான் தள்ளிவிட்ட அந்தப் பக்கத்தைப் பிறகு எடுத்துப் படித்தபோது, வீட்டாரோடு ஆடிப் பழகிய மனிதர் ஒருவரின் கரிசனம் அதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. முதல்முறை வருகிறவருக்கு ஒரு நல்ல வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு அப்புறம் ஆடச் சொல்கிறது அது.

நாலாம் மாதம் திருப்பூருக்கு நேரில் போனேன். அவன் ஆபீசுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். “நீ அந்த வீட்ட வெக்கும்போதே எனக்குத் தெரியும்டா, அங்க ஒண்ணும் வராதுன்னு.”

அவன் டீயைக் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு, “தெரியும்டா. கேக்கும்போது உன் மூஞ்சியத்தான பாத்தேன்” என்றான்.

விளையாட்டைப் பற்றி அன்று வேறெதுவும் பேசவில்லை. நூல் விலை பற்றியும் அவன் பெண்ணின் பிளஸ் டூ பற்றியும் பேசினோம். பஸ் ஏற்றிவிடும்போதுதான், “அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?” என்று கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கட்டான் பெட்டியை எடுக்கவில்லை. எட்டுப் பேருக்கு எது சரிப்படும் என்று தேடி, கோட்நேம்ஸ் வாங்கி வைத்திருந்தேன். செக் நாட்டுக்காரர் ஒருவர் 2015-ல் கொண்டுவந்த சொல் விளையாட்டு. ஐந்துக்கு ஐந்தாக 25 சொல் அட்டைகளைப் பரப்ப வேண்டும். இரண்டு அணி. எந்தச் சொல் எந்த அணிக்கு என்று காட்டும் குறிப்பட்டை அணித்தலைவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். தலைவர் ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகச் சொல்லி, அது எத்தனை அட்டைக்குப் பொருந்தும் என்று எண்ணையும் சொல்வார். மற்றவர்கள் யோசித்துத் தொட வேண்டும். பெட்டியில் இருந்த அட்டைகள் எல்லாம் ஆங்கிலம். அவன் மனைவி முதல் நாளே, “எனக்கு இங்கிலீஷெல்லாம் அவ்வளவா வராதுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுத்தான் அடுக்களைக்குள் போயிருந்தார். ஆகவே நானும் என் மனைவியும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் 200 தமிழ்ச் சொற்களை எழுதினோம். இந்த விளையாட்டுக்கு இரட்டைப் பொருள் உள்ள சொற்கள்தான் உயிர். தமிழில் அதற்கா பஞ்சம்? மாலை, ஆறு, திங்கள், அடி என்று எழுத எழுத வந்துகொண்டே இருந்தது.

அன்று மதியத்துக்கு அரிசிம்பருப்புச் சாதம். குக்கரில் வைத்துவிட்டால் யாரும் அடுப்படியில் நிற்க வேண்டாம். கொறிக்கப் பொரியும் வறுத்த கடலையும். பஜ்ஜி ஆட்டம் முடிந்த பிறகுதான். முதல் நாள் பஜ்ஜி பட்ட எண்ணெய்க் கறை ஒரு கோதுமை அட்டையில் இன்னும் இருக்கிறது. மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூடத்தில் பவானி ஜமுக்காளத்தை விரித்து எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். முட்டி வலிக்காரர் ஒருவருக்கு மட்டும் முக்காலி. அன்று விதி சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், குறிப்பட்டையை எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வைத்தே ஆடினோம்.

இரண்டாவது ஆட்டத்தில் அவன் மனைவி ஓர் அணிக்குத் தலைவர். அட்டைகளை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்த வாயெடுத்த என்னை நானே அடக்கிக்கொண்டேன். கடைசியில் சொன்னார்.

“பள்ளிக்கூடம். மூணு.”

அவர் அணியில் அவனும் என் மனைவியும் இன்னொரு நண்பரும். என் மனைவி நேரே ‘மணி’யில் கை வைக்கப் போனாள். அவன் தடுத்தான். “மணின்னா ஒண்ணுதானுங்களே ஆச்சு. மீதி ரெண்டு?” பலகையில் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது வேறெதுவும் இருப்பதாக எங்கள் அணிக்கும் தெரியவில்லை. நூல், சாயம், படி, ஆறு, கல், பாலம். நாள் முழுக்க நூலோடு புழங்குகிறவன் அந்த அட்டையை எத்தனை தடவை கடந்து போயிருப்பான். திடீரென்று அவன் முகம் மாறியது. ‘நூலை’த் தொட்டான். சரி. “புஸ்தகம்” என்று மெதுவாகச் சொன்னான். அடுத்து ‘படி’. அதுவரை நாங்கள் எல்லோரும் அதை மாடிப்படியாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவதாக ‘கல்’லின்மேல் விரலை வைத்து மனைவியைப் பார்த்தான். அவர் விதிப்படி முகத்தைக் காட்டாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தொட்டான். மூன்றும் சரி. ஜமுக்காளத்தில் எழுந்த சத்தத்தில் மொட்டை மாடியில் இருந்த பிள்ளைகள் இறங்கி ஓடி வந்தன. நான் எதிரணி. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அந்தக் குறிப்பை இன்றுவரை எங்களில் யாரும் மிஞ்சவில்லை.

அதன்பின் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. கட்டானை ஐந்து மாதம் கழித்து அவனேதான் கேட்டு எடுத்து வரச் சொன்னான். நான் விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, படத்தில் உள்ளபடியே பரப்பினேன். முதல் இரண்டு சுற்றுக்கு எல்லோரும் அட்டைகளைத் திறந்து வைத்தே ஆடினோம். அவன் ஜெயிக்கவில்லை, இரண்டாவதாக வந்தான். எனக்கு நல்ல இடமாகப் பார்த்து இரண்டு தடவை திருடனை வைத்தான்.

போன மாதம் எதிர்வீட்டு அக்காவின் மகள் வந்து உட்கார்ந்தாள். கல்லூரி முதல் வருடம். இப்போதெல்லாம் நிலங்களைக் கலைத்துதான் ஆடுகிறோம். அவள் முறை வந்தபோது வெள்ளை வீட்டை எடுத்து, 12-ம் 2-ம் சந்திக்கிற ஒரு முனைக்கு நேராகப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஜமுக்காளத்தில் முன்னால் நகர்ந்து, பலகையில் 8 இருந்த வில்லைக்குக் கீழே விரலை வைத்தான்.

“பாப்பா, வெக்கறதுக்கு முந்தி இங்க கீழ இருக்கற புள்ளிய எண்ணிப் பாரு.”