181-இல் கவிழ்ந்த கணக்கு

உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி என்னிடம் புரோகிராமிங் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: 1 முதல் கொடுத்த எண் வரை கூட்டு. இருபது வருஷமாகக் கொடுக்கிறேன், அலுக்கவில்லை.

போன வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நோட்டையும் பக்கத்துப் பெண்ணின் நோட்டையும் விரித்துக்கொண்டு வந்தான். அவனுடையது ஃபார் லூப், நாலு வரி. அவளுடையது ஒரே வரி: எண்ணை அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்திருந்தாள்.

"எது சார் நல்லது?"

"ரெண்டையும் ஓட்டிப் பாரு மக்களே. முதல்ல 1 குடு, பிறகு 100."

1-க்கே அவனுக்குப் பூஜ்யம் வந்தது, 100-க்கு 4950. பைத்தானின் ரேஞ்ச் கடைசி எண்ணைத் தொடாது, ஒன்று கூட்டிப் போடவேண்டும். அவளுக்கு 5050.0. ஒற்றைச் சாய்கோட்டில் வகுத்தால் புள்ளி ஒட்டிக்கொண்டு வரும். இரட்டைக் கோடு போட்டால் போகும். இரண்டு பேரும் தலையைச் சொறிந்தார்கள்.

எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. நான் படித்தது டர்போ சியில். அன்று நானும் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, லூப் எழுதியவர்களைப் பார்த்துச் சிரித்தேன். (கணித மேதை காஸ் சின்னப் பையனாக இருந்தபோதே இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அவர் டர்போ சியில் ஓட்டிப் பார்க்கவில்லை.) எங்கள் சார் ஒன்றும் சொல்லவில்லை. "181 குடு" என்றார். மைனஸ் 16,297 வந்தது.

அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுத்து டிரை ரன் போட்டார், கட்டம் கட்டமாக, அவசரமே இல்லாமல். இன்ட் என்றால் இரண்டு பைட், 32,767-க்கு மேல் கொள்ளாது. 181-ஐ 182-ஆல் பெருக்கினால் 32,942. வகுக்கும் முன்பே வழிந்துவிடுகிறது. நான் சிரித்த லூப்போ 255 வரை தாங்கி 32,640 தந்தது. 256-இல்தான் அதுவும் மைனஸ் 32,640 ஆகிக் கவிழ்ந்தது. "இரட்டைப்படையா இருக்கிறதை முதல்ல ரெண்டால வகு, அப்புறம் பெருக்கு" என்றார். 16,471. சரியாக வந்தது.

பைத்தானில் முழு எண் வழியாது. ஆனாலும் அந்தப் பையனையும் பெண்ணையும் 181-இல் கவிழவில்லையே என்று விட்டுவிடவில்லை. 0 கொடுக்கச் சொன்னேன், மைனஸ் 5 கொடுக்கச் சொன்னேன். மைனஸ் 5-க்கு லூப் பூஜ்யம் என்றது, அவள் வரி 10 என்றது. எது சரி என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

புதிதாகச் சேர வருகிறவர்கள் லேப்டாப் தூக்கி வரவேண்டாம். நோட்டும் பென்சிலும் போதும், அழிப்பான் கட்டாயம்.