மூன்றாம் இடத்துச் சூனியம்

பழைய செய்திக்குப் புதிய கலைச்சொல் கிடைப்பது அறிவாகுமா, வெறும் பெயர்சூட்டலா? இயற்பியலை வாசிக்கையில் எனக்கு அடிக்கடி எழும் ஐயம் இது. குவாண்டம் நிலைமாற்றம் பற்றிய ஆய்வுகளில் அது கூர்மையடைந்தது.

நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். குவாண்டம் நிலைமாற்றத்துக்கு அது தேவையில்லை. தனிச்சுழி வெப்பநிலையிலும், காந்தப்புலத்தைச் சற்றே கூட்டினால் ஒரு பொருளின் இயல்பு அடியோடு மாறிவிடலாம். இதற்கு எளிய மாதிரி, குறுக்குக் காந்தப்புலத்தில் வைத்த ஐஸிங் சங்கிலி. வரிசையாக நிற்கும் நுண்காந்தங்கள் தம் அண்டையாரைப் போலவே நிற்க விரும்புகின்றன; புலமோ அவற்றைத் தன் பக்கம் திருப்புகிறது. இரு விசைகளும் சமமாகும் இடமே மாறுநிலைப் புள்ளி. இச்சங்கிலியின் கணக்கை 1970இலேயே பியர் ஃப்யூட்டி தீர்த்துவிட்டார். பிறகு, குவாண்டம் தகவலியலாரின் கருவிகளுக்கு இங்கே என்ன வேலை?

2002இல் ஓஸ்டர்லோ குழுவினரும், தனியே ஆஸ்போர்னும் நீல்சனும், இச்சங்கிலியில் இரண்டிரண்டு காந்தங்களுக்கு இடையிலான குவாண்டம் பின்னலை அளந்தார்கள். மாறுநிலையில் ஒன்றின் சாயல் மற்றொன்றில் நெடுந்தொலைவுக்குத் தெரிகிறது. ஆனால் இருவருக்கிடையிலான பின்னல் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்பதோடு சரி; மூன்றாம் வீட்டில் சூனியம். இந்த முடிவு என்னைப் பல நாள் அலைக்கழித்தது. ஊரே ஒரே மூச்சாக அசைகிறது. சற்றுத் தள்ளியிருக்கும் எவரிருவரைத் தனியே பார்த்தாலும் பிணைப்பில்லை. அப்படியானால் உறவு எங்கே ஒளிந்திருக்கிறது?

2003இல் விடால், லட்டோரே, ரிகோ, கிதாயெவ் நால்வரும் கேள்வியையே மாற்றினார்கள். இணைகளை விட்டு, சங்கிலியின் ஒரு துண்டு முழுவதும் எஞ்சியதோடு கொண்ட பின்னலை என்ட்ரோபியால் அளந்தார்கள். மாறுநிலைக்கு அப்பால், துண்டை எவ்வளவு நீட்டினாலும் அந்த அளவு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மாறுநிலையிலோ நீளத்தின் மடக்கையாக வளர்ந்துகொண்டே போகிறது.

ஸ்டீவன் வைட் 1992இல் வகுத்த கணினி முறை இத்தகைய சங்கிலிகளில் ஏன் அத்தனை நன்றாக உழைக்கிறது, மாறுநிலையில் மட்டும் ஏன் திணறுகிறது என்பதும் இதனால் துலங்கியது: பின்னல் குறைந்தால் நினைவில் வைக்க வேண்டியதும் குறைவு. 2015இல் ஹார்வர்டில் நான்கே அணுக்களை வைத்து, ஒரே நிலையின் இரு பிரதிகளைக் குறுக்கிடச் செய்து, இத்தகைய என்ட்ரோபியை நேரடியாகவே அளந்துவிட்டார்கள்.

என் ஐயத்துக்கு இதுவே போதுமான விடை. ஃப்யூட்டியின் விடைக்குள் அந்த உறவு முன்பே இருந்தது. அதைக் கேட்பதற்கான சொல்தான் முப்பதாண்டுகள் கழித்து வந்தது.